நாலு தந்தி, நாற்பது கிலோ

போன ஆடி மாதம் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். ஊர் திண்டிவனம் பக்கம். சென்னையில் கல்லூரி, சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவின் ரிகர்சலுக்குப் போகிறான். இரவல் பேஸ் கிடாரில் வாசித்துக்கொண்டிருந்தவன், சொந்தமாக ஒன்று வாங்க 40,000 ரூபாய் சேர்த்திருந்தான். பாதி, வார இறுதிகளில் டெலிவரி வேலை பார்த்துக் கிடைத்தது. மீதி, அக்கா கொடுத்தது.

“அண்ணே, 36,000-க்கு ஒரு பேஸ் பார்த்து வெச்சிருக்கேன். மிச்சம் நாலாயிரத்துல ஒரு ஆம்ப் சொல்லுங்க” என்றான்.

முதல் பேஸ் வாங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் போடுகிற கணக்கு இது. கையில் பிடிக்கிற மரத்துக்கு முழுப் பணம். அதன் ஒலியைக் காதில் சேர்க்கும் பெட்டிக்கு மிச்சம் மீதி. வாங்கியதை வைக்கிற இடத்தைப் பற்றி நினைப்பே இல்லை. 25 வருடமாகக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பேஸ் வாசித்து வருகிறேன். இந்தக் கணக்கால் மனசு விட்டுப்போய், ஒரே வருடத்தில் வாசிப்பதையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் சரியாக வரவில்லை என்று அவர்கள் தங்கள் விரலைச் சந்தேகப்பட்டார்கள். விரலில் ஒரு குற்றமும் இல்லை.

அந்தத் தம்பியோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். அப்போது அவனிடம் சொன்னதும், சொல்ல நேரமில்லாமல் விட்டதும்தான் இங்கே எழுதுவது.

காற்றைத் தள்ளும் வேலை

பேஸ் கிடாரின் தடித்த தந்தியை, ஈ ஸ்ட்ரிங்கை, மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் ஒரே ஓர் அலை காற்றில் 8 மீட்டருக்கு மேல் நீளம். ஏறக்குறைய ஒரு மினி பஸ். அத்தனை காற்றை முன்னும் பின்னும் தள்ளினால்தான் அந்த ஒலி முழுசாக வரும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அது ஆகிற காரியமில்லை. வாட்ஸ் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்பீக்கர் எத்தனை இஞ்ச், எத்தனை, எந்தப் பெட்டிக்குள் என்று யாரும் கேட்பதில்லை. வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் கொஞ்சம்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கவேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. இளையராஜாவின் பாட்டுகளை அதில்தான் மனப்பாடம் செய்தேன். அவற்றில் பேஸ் என்று ஒன்று ஓடுவதே எனக்குத் தெரியாது. உடுமலை போகும் தனியார் பஸ்ஸில் ஒருநாள் கடைசி சீட் கிடைத்தது. சீட்டுக்கு அடியிலேயே ஸ்பீக்கர் பெட்டி. தினமும் கேட்ட அதே பாட்டுக்குள் இன்னொரு பாட்டு, கீழே, தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தது. முதுகெலும்பில் கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அதை வாசித்தவர் பெயர் சசிதரன் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. டிரான்சிஸ்டரில் இல்லாத மனிதர், பஸ்ஸில் இருந்தார். இடையில் மாறியது ஸ்பீக்கர் மட்டும்தான்.

இந்தப் பாடத்தைப் பேஸ் கிடாரை உலகத்துக்குக் கொடுத்தவரே படித்திருக்கிறார். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1951-இல் ப்ரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆளுயர டபுள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலையவேண்டும். டிரம்ஸ் சத்தத்தில் அது கேட்கவும் கேட்காது. ஃபெண்டரின் பேஸ் தோளில் மாட்டுகிற அளவு. நெக்கில் ஃப்ரெட் கம்பிகள் இருந்ததால் சுருதி பிசகாமல் வாசிக்க முடிந்தது. ‘ப்ரிசிஷன்’ என்ற பெயரே அதனால்தான். ஆனால் அதைக் கேட்க வைக்கத் தோதான ஆம்ப் அப்போது இல்லை. அடுத்த வருடமே, 1952-இல், 15 இஞ்ச் ஸ்பீக்கரோடு பாஸ்மேன் என்ற ஆம்பையும் அவரே செய்யவேண்டியதாயிற்று.

பிறகு மேடைகள் பெரிதாகின. ஆம்ப் பின்னாலேயே ஓடியது. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற ஆம்பைக் கொண்டுவந்தது. 14 வால்வுகள், 300 வாட்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதை வைத்துத்தான் அரங்குகளை நிரப்பினார்கள். ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதியான ஹெட் மட்டுமே நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதன் கீழே எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர்கள் வைத்த கேபினெட், கிட்டத்தட்ட நெஞ்சு உயரம். ஒரு ரிகர்சல் அறையில் ஒருமுறை அதில் வாசிக்கக் கிடைத்தது. பேன்ட் துணி காலில் படபடத்தது. வால்வுகள் சூடேறும்போது வருகிற அந்தத் தூசி மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அந்த ஒலிக்கு நான் இன்றும் ஆசைப்படுகிறேன். ஆனாலும் தம்பியிடம் அந்த ஆம்பைத் தொடாதே என்றேன். மூன்றாம் மாடி வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது, கச்சேரி முடிந்து இரவு 2 மணிக்கு ஆட்டோ பிடிக்கவேண்டும். இன்றைக்கு கிளாஸ்-டி வகை ஹெட் ஒன்று 2, 3 கிலோவில் 500 வாட்ஸ் தருகிறது. தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம். கேபினெட்டிலும் கனமான காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் வந்த பிறகு முதுகு பிழைத்தது.

இப்போதெல்லாம் மேடையில் பேஸை டி.ஐ. பாக்ஸ் வழியாக நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் ஆம்ப் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சபைக்குக் கேட்பது சவுண்டு சர்வீஸ்காரரின் பெட்டிகளில்தான். ஆனால் டிரம்மர் என்னைக் கேட்கவேண்டும், நான் என்னைக் கேட்கவேண்டும். மானிட்டரில் பேஸ் கொஞ்சம் ஏற்றச் சொன்னால் ஏற்றுவதாகத் தலையாட்டுவார்கள். பாடகர் ஒரு பார்வை பார்த்தால் இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் எனக்கென்று ஒரு 12 இஞ்ச் பெட்டி இருந்தால் யார் தயவும் வேண்டாம்.

அதனால் நான் சொன்ன கணக்கு இதுதான்: பேஸுக்குப் பாதிக்கு மேல் போகாதே. ஆம்பை செகண்ட் ஹேண்டில் பார். ஆயிரத்தைந்நூறைத் தனியே எடுத்து வை, நல்ல டெக்னீஷியனிடம் செட்டப் செய்ய. நெக் சரியாகத் திருத்தப்பட்ட 15,000 ரூபாய் பேஸ், அப்படியே பெட்டியிலிருந்து எடுத்து வாசிக்கிற 50,000 ரூபாய் பேஸைவிட விரலுக்குச் சுகமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

டெஸ்டர் எரிந்தால் பாட்டு இல்லை

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். உயிர் சம்பந்தப்பட்டது.

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மச்சானோ வரும்போது பேஸ் வாங்கிவரச் சொல்லுங்கள், தவறில்லை. ஆம்ப் வாங்கிவரச் சொல்வதென்றால் பின்பக்க எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சில ஆம்ப்கள் இரண்டையும் தாங்கும், பல தாங்காது. என் நண்பர் ஒருவர், மாப்பிள்ளை ஆசையாகத் தூக்கிவந்த ஆம்பைப் பிரித்த அன்றே பிளக்கில் சொருகினார். புகை வந்து முடிய ஐந்து நொடிகூட ஆகவில்லை.

அடுத்தது எர்த். திருவிழா மேடைகளில் எங்கிருந்தோ லைன் இழுத்திருப்பார்கள். எர்த் கம்பி இருக்கும், பூமியைத் தொட்டிருக்காது. அப்போது ஆம்பில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வரும். அதை நிறுத்த பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் நம் மேடைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேஸின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோகப் பெட்டியோடு இணைந்தவை. பெட்டியில் கசிவு இருந்தால் தந்தியிலும் இருக்கும். ஒரு கை தந்தியில், உதடு மைக்கில் என்றால் நீங்கள்தான் இடையில் இருக்கும் ஒயர். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார்.

என் கிடார் பையின் முன் அறையில் 30 ரூபாய் டெஸ்டர் எப்போதும் இருக்கும். மேடை ஏறியதும் முதல் வேலை, அதைத் தந்தியில் வைப்பது; பிறகு மைக்கின் தலையில் வைப்பது. உள்ளே சிவப்பாக லேசாக மினுக்கினாலும் போதும், சரிசெய்கிறவரை வாசிக்க மாட்டேன். விழாக் கமிட்டியார் கோபித்திருக்கிறார்கள். கோபிக்கட்டும். ஹம் தொந்தரவுக்கு டி.ஐ. பாக்ஸிலேயே கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. பின்னை உடைக்கத் தேவையே இல்லை.

பரணும் சுவரும்

2015 டிசம்பரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. என்னிடம் அப்போது ஒரு 15 இஞ்ச் கேபினெட் இருந்தது. ஏழு வருடம் பாடுபட்டு வாங்கியது. மூன்று நாள் கழித்து வீட்டைத் திறந்தபோது அது டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி ஊதிப்போயிருந்தது. பார்ட்டிகிள் போர்டு. கை வைத்த இடம் மாவாக உதிர்ந்தது. ஸ்பீக்கரின் காகிதக் கோன் தொங்கியது. ஆனால் பேஸ் சுவரில் மாட்டியிருந்தது. வெள்ளக்கோடு அதற்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பெட்டியும் தரையைத் தொடுவதில்லை. செங்கல் மேல் பலகை, அதன் மேல்தான். வெள்ளம் வராவிட்டாலும் தரையின் ஈரமும் கரையானும் வரும். கேபினெட்டின் முன்னால் இருக்கும் காற்றுத் துளைக்கு ஒரு வலை அடித்துவிடுங்கள். எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

பேஸைப் பரணில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நம் பரண், மொட்டை மாடித் தளத்துக்கு ஓரடி கீழே. சித்திரை வெயிலில் அது அடுப்பு, ஐப்பசியில் ஈரப்பானை. நாலு தந்திகளும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை சுமார் 75 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் இராப்பகலாகத் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிராக உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி மறுபுறம் இழுத்துப் பிடிக்கிறது. மரம் ஈரம் குடித்து, காய்ந்து, மறுபடி குடிக்கும்போது இந்த இழுபறியில் நெக் வளைந்துவிடுகிறது. நீண்ட நாள் வைத்துவிட்டுப் போவதென்றால் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தலாம். முழுக்க அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் ட்ரஸ் ராட் எதிராளி இல்லாமல் நெக்கைப் பின்னால் வளைத்துவிடும்.

கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. பிரிட்ஜின் சின்னச் சின்ன திருகுகள் துருவேறி இறுகிவிடும், வால்யூம் குமிழ் கரகரக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் தந்தியைத் துடைத்து, மாதம் ஒருமுறை குமிழ்களை இருபது தடவை முன்னும் பின்னும் திருகினாலே பாதி வியாதி வராது. பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ் என்றால், வாசித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடவேண்டும். சொருகியே வைத்தால் 9 வோல்ட் பேட்டரி தானாக வடியும். மழைக்காலத்தில் அது கசிந்து, உள்ளே பச்சை பூத்துக் கிடப்பதை நான் கழுவியிருக்கிறேன்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய பேஸ் கதையும் இந்தப் பரண் விஷயத்தோடு சேர்ந்தது. 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு அவர் வாங்கியது, வயலின் உருவத்தில் ஒரு ஹோஃப்னர். ஃபெண்டர் வாங்க அன்று அவரிடம் பணம் இல்லை. அவர் இடதுகைக்காரர், இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால் திருப்பிப் பிடித்தாலும் அழகு கெடவில்லை. 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அது திருடுபோனது. ஐம்பது வருடத்துக்கும் மேல் கழித்து, இங்கிலாந்தின் தென்கரைப் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது. அப்படியே எடுத்து வாசிக்கும் நிலையில் அது இல்லை, பழுது பார்க்கவேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் லண்டன் மேடையில் மறுபடி அதை வாசித்தார்.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அமெரிக்காவின் மோடவுன் நிறுவனப் பாட்டுகளின் அஸ்திவாரமான ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 ப்ரிசிஷன், 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை. உங்கள் பேஸின் சீரியல் நம்பரை இன்றே படம் எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். கீறல்களையும் படம் எடுங்கள். நம்பரை அழிக்கலாம், கீறலை அழிக்க முடியாது.

பெரம்பூர் வீடு

மூன்றாவது ஞாயிறு, பெரம்பூரில் ஒரு பழைய வீட்டில் பேஸ் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்து போனோம். ஆங்கிலோ-இந்தியக் குடும்பம், கணவர் ரயில்வேயில் இருந்தவர், காலமாகிவிட்டார். எழுபது தாண்டிய ஆன்ட்டி கதவைத் திறந்தார். என் சின்ன ஆம்பைத் தம்பி தூக்கிக்கொண்டு வந்தான்.

பேஸ் பரணில் இல்லை. படுக்கையறைப் பீரோவுக்குள், நூல் புடவையில் சுற்றி, செங்குத்தாக நிறுத்தியிருந்தார். 70-களின் ஜப்பான் தயாரிப்பு. கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கியதாம். வெளிநாட்டுச் சரக்குக்குக் கெடுபிடி இருந்த அந்தக் காலத்தில் நல்ல கிடார் இப்படித்தான் ஊருக்குள் வந்தது.

தம்பியிடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பது போல் ஓரம் பார்ப்பது. வளைவை ட்ரஸ் ராட் திருத்தும். முறுக்கை அது திருத்தாது. அடுத்து, தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி, நடுவில் தெரியும் சந்தைப் பார்ப்பது. ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் நல்ல நெக். நுழைந்தது. ட்ரஸ் ராடின் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்தேன். அசைந்தது, இன்னும் திருப்ப இடம் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் பேஸில் நான் காசு கொடுப்பதே இந்த அசைவுக்குத்தான். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, அவசரப்படாமல் வாசிக்கச் சொன்னேன். 17-வது ஃப்ரெட்டில் மட்டும் தந்தி கொஞ்சம் கரகரத்தது. ராவினால் போய்விடும்.

ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட். விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளத்தது. பேஸ் கிடார்களில் இப்படிக் கிடைக்கும் ரோஸ்வுட்டில் பெரும்பங்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்களே, அதுதான். பிரேசில் மரம் அருகிய பிறகு உலகத்துக் கிடார் கம்பெனிகள் இதற்குத்தான் வந்தன. 2017-இல் சர்வதேசக் கட்டுப்பாடு வந்து, எல்லை தாண்டிக் கிடார் விற்றவர்கள் காகிதம் காட்டவேண்டியிருந்தது. 2019 நவம்பரில்தான் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இந்தத் துண்டும் நம் மலையில் நின்ற மரமாக இருந்தால், ஜப்பான் போய், கப்பலேறி, பெரம்பூருக்கு வந்திருக்கிறது.

ஆன்ட்டி விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தம்பியைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: “வாசிப்பியா, இல்ல வாங்கி வேற யாருக்காச்சும் வித்துடுவியா மை பாய்?”

“வாசிப்பேன் ஆன்ட்டி. அடுத்த வாரம் தாம்பரத்துல கச்சேரி இருக்கு.”

“அப்போ ஒரு வாட்டி போடு, கேப்போம்.”

ஆம்பை ஒரு மர ஸ்டூல் மேல் வைத்து, பிளக்கைச் சொருகி, தந்தியில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. தம்பி சுருதி சேர்க்க ஆரம்பித்தான். ஈ ஸ்ட்ரிங் பக்கம் அவன் விரல் போவதைப் பார்த்ததும் ஆன்ட்டி எழுந்து, யாரும் சொல்லாமலே, சுவரோர ஷோகேஸிடம் போய் அதன் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.